உமித்தீயாகப் புகையும் திகில்: ‘ஹெரிடிட்டரி’யைப் பார்க்கும் முறை

2018 ஜூனில் ‘ஹெரிடிட்டரி’ அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தபோது விமர்சகர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். முதல் வாரக் கடைசியில் காசு கொடுத்துப் பார்த்த கூட்டமோ, ரசிகர்களிடமே மதிப்பெண் கேட்கும் சினிமாஸ்கோர் கணிப்பில் ‘டி பிளஸ்’ என்ற மோசமான மதிப்பெண்ணைப் போட்டுவிட்டுப் போனது. ஒரே படத்துக்கு இப்படி இரண்டு தீர்ப்பு வந்ததற்கு டிரெய்லர் பாதிக் காரணம். பேய் பிடித்த குழந்தை ஒன்று வீட்டையே ஆட்டிவைக்கும் கதை என்று அது நம்பவைத்தது. படமோ உமியில் வைத்த தீ போல ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே தெரியாமல் உள்ளுக்குள்ளேயே புகைகிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு ‘பே’ என்ற அலறலை எதிர்பார்த்துப் போனவர்களுக்கு எரிச்சல்தான் மிஞ்சும்.

இயக்குநர் ஆரி ஆஸ்டருக்கு இது முதல் முழுநீளப் படம். நீளம் 127 நிமிடம். அம்மா ஆனி (டோனி கொலெட்), அப்பா ஸ்டீவ் (கேப்ரியல் பைர்ன்), மகன் பீட்டர் (அலெக்ஸ் வுல்ஃப்), 13 வயது மகள் சார்லி (மில்லி ஷபிரோ), அப்போதுதான் செத்துப்போன பாட்டி எலென். ஏறக்குறைய இவ்வளவு பேர்தான். இந்த வகைப் படங்களைப் பார்த்துப் பழகவும், பிறகு அலசிப் பேசவும் இதைவிடத் தோதான படம் குறைவு. ஏனென்றால் இது எதையும் ஒளித்துவைக்கவில்லை. எல்லாவற்றையும் முன்கூட்டியே கண்ணெதிரில் வைத்துவிட்டு, நாம் வேறு பக்கம் பார்க்கும்படி செய்கிறது.

முதல் இரண்டு பகுதிகளில் கதை உடையாது. அதற்குப் பிறகு எல்லாம் உடையும்; இடையில் எச்சரிக்கை உண்டு.

பார்ப்பதற்கு முன்

முதலில் டிவி. படத்தின் பாதி பயம் நிழலில் இருக்கிறது. கடைசி அரை மணி நேரத்தில் ஒரு படுக்கையறைக் காட்சியில், மேல் மூலை இருட்டில் ஓர் உருவம் இருக்கும். அதைச் சுட்டிக்காட்ட இசையும் வராது, கேமராவும் நகராது. பகல் வெளிச்சம் விழும் ஹாலிலோ செல்போனிலோ பார்த்தால் அப்படி ஒன்று இருந்ததே தெரியாமல் போகும். அதனால் இரவில், விளக்கை அணைத்து, திரையில் ஜன்னலோ டியூப்லைட்டோ பிரதிபலிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிக்சர் மோடை ‘விவிட்’டிலிருந்து ‘சினிமா’வுக்கோ ‘ஃபிலிம்மேக்கர்’ மோடுக்கோ மாற்றுங்கள். அசைவை வழவழப்பாக்கும் மோஷன் ஸ்மூத்திங் வசதியை அணைத்துவிடுங்கள். அது இருந்தால் எந்தப் படமும் மெகாசீரியல் போலத் தெரியும். இருட்டு போதவில்லை என்று பிரைட்னஸைக் கூட்டுவதும் வேண்டாம். கறுப்பு சாம்பலாக வெளுத்து, இருக்கும் உருவமும் அதில் கரைந்துவிடும்.

அடுத்தது ஒலி. இசையமைப்பாளர் காலின் ஸ்டெட்சன் அடிப்படையில் சாக்ஸபோன் கலைஞர். படத்தின் பெரும்பகுதியில் முணுமுணுக்கத் தக்க மெட்டு எதையும் அவர் தருவதில்லை. அடிவயிற்றில் உணரும்படியான தாழ்ந்த உறுமல் ஒன்று, பல காட்சிகளில் வருவதும் தெரியாமல் போவதும் தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கும். லேப்டாப்பின் சின்ன ஸ்பீக்கரில் அந்தத் தாழ்ந்த ஒலி எழும்பாது; படம் ‘ஒன்றுமே நடக்காத’ படமாகிவிடும். சவுண்ட்பார் இல்லையென்றால் காதை முழுக்க மூடும் ஹெட்போன் போதும். டிவியில் ‘நைட் மோடு’ ஒலி அமைப்பு இருந்தால் அணைத்துவிடுங்கள். அது சின்னச் சத்தத்தைப் பெரிதாக்கி, பெரிய சத்தத்தை அமுக்கிவிடும். இந்தப் படம் வேலை செய்வதே அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்தான். சார்லி நாக்கை மேலண்ணத்தில் தட்டி ‘டொக்’ என்று ஒரு சத்தம் எழுப்புவாள். அந்தச் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று காது தேட வேண்டும்.

சப்டைட்டிலில் ஒரு சூட்சுமம் உண்டு. காது கேளாதோருக்கான சப்டைட்டிலில் ‘நாக்கு தட்டும் ஒலி’ என்பது போன்ற குறிப்புகள் எழுத்தில் வந்துவிடும். உங்களுக்கு அது அவசியமில்லை என்றால் வசனம் மட்டும் உள்ள சப்டைட்டிலைத் தேர்ந்தெடுங்கள். டப்பிங் கிடைத்தாலும் முதல் முறை மூல ஒலியிலேயே பாருங்கள். டோனி கொலெட்டின் குரல் உடையும் இடங்களை இன்னொருவர் பேசி ஈடுகட்ட முடியாது.

இன்னொன்று. இதில் குழந்தையின் மரணம், தற்கொலை பற்றிய பேச்சு, தன்னைத்தானே சிதைத்துக்கொள்ளும் காட்சி எல்லாம் பட்டவர்த்தனமாக வருகின்றன. பெரியவர்களுக்கான படம். வீட்டில் சமீபத்தில் ஒரு சாவு நடந்திருந்தால் தள்ளிப்போடுங்கள். இழவு வீட்டின் மனநிலையை இவ்வளவு கிட்டத்தில் காட்டும் திகில் படம் அரிது. அந்த நேரத்தில் பேயைவிட அதுதான் தாக்கும்.

முதல் முறை பார்க்கும்போது

துப்பறிய வேண்டாம். ‘யார் பேய், ஏன் வந்தது’ என்று துரத்திக்கொண்டே பார்த்தால் முதல் மணி நேரம் வீண். நம்மூர்ப் பேய்ப்படங்களில் இடைவேளைக்குப் பிறகு ஒரு பிளாஷ்பேக் வந்து, செத்தவர் யார், கொன்றவர் யார் என்று கணக்கை நேர் செய்துவிடும். மந்திரவாதியோ சாமியாரோ வந்து விளக்கமும் சொல்வார். அந்தப் பழக்கத்தில் விளக்கம் எப்போது வரும் என்று காத்திருக்கத் தோன்றும். காத்திருக்காதீர்கள். துக்கம் விழுந்த ஒரு குடும்பத்தின் கதையாகவே பாருங்கள். ஆஸ்டரே இதைக் கொடுங்கனவாக மாறிப்போகும் ஒரு குடும்ப சோக நாடகமாகத்தான் பேசிவந்திருக்கிறார்.

முதல் அரை மணியில் ஒரே ஒரு வேலை: இந்த நாலு பேரும் ஒருவரிடம் ஒருவர் என்ன பேசுகிறார்கள், என்ன பேசாமல் விடுகிறார்கள் என்று கவனியுங்கள். சாப்பாட்டு மேசை, கார், மாடிப்படி, அறை வாசல். எங்கே யார் நிற்கிறார்கள், எவ்வளவு தள்ளி நிற்கிறார்கள்? பல காட்சிகளில் கேமரா ஒரு சுவரையே எடுத்துவிட்டுப் பார்ப்பது போலத் தள்ளி நின்று, அறை முழுவதையும் ஒரு பெட்டியாகக் காட்டும். அது பிரமை இல்லை. வீட்டின் உட்புறத்தை ஸ்டுடியோவில் செட்டாகவே கட்டி, சுவர்களைக் கழற்றக்கூடியதாக வைத்திருந்தார்கள். ஆனியின் தொழிலும் குட்டி வீடுகள் செய்வதுதான் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

இடைவேளை விடாதீர்கள். முதல் அரை மணி நேரம் தாண்டிய கொஞ்ச நேரத்தில் ஒரு சம்பவம் நடக்கும். அதற்குப் பிந்திய பத்து நிமிடத்தில் நிறுத்தி டீ போட எழுந்தால் படம் கட்டிவைத்த மூச்சு கலைந்துவிடும். படம் முடிந்ததும் டைட்டில் ஓடட்டும். அதில் வரும் பாட்டு எவ்வளவு பொருத்தமில்லாமல், எவ்வளவு இனிமையாக ஒலிக்கிறது என்பதும் கணக்கில் சேர்த்திதான்.

முடிந்த உடனே ‘முடிவு விளக்கம்’ என்று யூடியூபில் தேடாதீர்கள். ஒரு நாளாவது விடுங்கள். அந்த விளக்கங்களில் பெரும்பாலானவை கதையைச் சரியாகவே சொல்கின்றன. ஆனால் கதையை மட்டும்தான் சொல்கின்றன.

*இதற்கு மேல் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.*

உண்மையில் நடந்தது என்ன

பொருள் தேடுவதற்கு முன் நிகழ்ச்சிகளை நேர்வரிசையில் அடுக்கிக்கொள்வது அவசியம். எலென் ஒரு ரகசியக் கூட்டத்தின் தலைவி. அவர்களுக்கு அவள் ராணி. பைமன் என்ற நரக அரசனை ஓர் ஆண் உடலில் இறக்குவது அவர்கள் நோக்கம். முதலில் மகன் சார்ல்ஸிடம் முயன்றிருக்கிறாள். அம்மா தனக்குள் ஆட்களைப் புகுத்துகிறாள் என்று எழுதிவைத்துவிட்டு அவன் 16 வயதில் தூக்குமாட்டிக்கொண்டான். ஆனிக்குப் பீட்டர் பிறந்தபோது அம்மாவோடு பேச்சுவார்த்தை இல்லை. பாட்டியைப் பேரன் பக்கமே விடவில்லை. அடுத்துப் பிறந்த சார்லியை, குற்ற உணர்ச்சியில், தானே அம்மாவிடம் விட்டுவிட்டாள். பைமன் சார்லிக்குள் இறங்கியது அப்போதிலிருந்துதான். ‘நான் பையனாகப் பிறந்திருக்க வேண்டும் என்று பாட்டி ஆசைப்பட்டாள்’ என்று சார்லி சொல்வது வெறும் ஏக்கமில்லை, தகவல். மிச்சப் படம் முழுவதும் அந்தக் குடியிருப்பைச் சார்லியிடமிருந்து பீட்டருக்கு மாற்றும் வேலை.

இப்படி அடுக்கிய பிறகு தெரியும் ஒரு விஷயம்: இந்த வரலாற்றில் முக்கால்வாசியை ஆனியே வாய்விட்டுச் சொல்லியிருக்கிறாள். துக்கம் பகிரும் குழுவில் ஒரே மூச்சில் ஒப்பிக்கிறாள். அம்மாவின் மனநோய், பட்டினி கிடந்தே செத்த அப்பா, அண்ணனின் தற்கொலை, அந்தக் கடிதம் எல்லாமே அந்தப் பேச்சில் இருக்கிறது. முதல் முறை அதை ‘பாவம், கஷ்டப்பட்ட குடும்பம்’ என்று கேட்டுக் கடந்துபோகிறோம்.

இரண்டாம் முறை: எங்கே நிறுத்துவது

ஒரு வாரமாவது இடைவெளி விடுங்கள். ரிமோட்டும் ஒரு நோட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டுப் பக்கத்தை நெடுக்காக மூன்று பத்தியாகப் பிரியுங்கள்: ‘பார்த்தது’, ‘யார் பார்த்தார்கள்’, ‘யார் சொல்லவில்லை’. நடுப் பத்திதான் பிறகு மிகவும் உதவும்.

தொடக்கத்தில் கேமரா பட்டறையைச் சுற்றி வந்து, ஒரு பொம்மை வீட்டுக்குள் நுழைந்து, அதன் ஓர் அறையை நெருங்க, அதுவே பீட்டரின் அறையாகி, அப்பா உள்ளே வந்து அவனை எழுப்புகிறார். இங்கே நிறுத்துங்கள். இந்தக் குடும்பத்தை யாரோ மேலிருந்து நகர்த்துகிறார்கள் என்று படம் முதல் நிமிடங்களிலேயே சொல்லிவிட்டது. கடைசிக் காட்சியின் மரவீட்டையும் அதே பொம்மைப் பெட்டி போலத் தள்ளி நின்று காட்டும்.

பாட்டியின் இறுதிச் சடங்கில் பின்னால் இருப்பவர்களைப் பாருங்கள். தனக்கே தெரியாத முகங்கள் இத்தனை வந்திருக்கின்றனவே என்று ஆனியே ஆச்சரியப்படுகிறாள். ஓர் ஆள் சார்லியைப் பார்த்துச் சிரிக்கிறான். சடலத்தின் உதட்டில் எதையோ தடவுகிறார்கள். எலென் கழுத்தில் உள்ள பதக்கத்தின் சின்னத்தை நோட்டில் வரைந்துகொள்ளுங்கள். ஆனியும் அதே பதக்கம்தான் போட்டிருக்கிறாள். அங்கேயே சார்லி சாக்லேட் சாப்பிட, ‘அதில் நட்ஸ் இருக்கிறதா’ என்று ஸ்டீவ் கேட்கிறார். ஒவ்வாமைக்கான ஊசி கையில் இல்லை என்பதும் அந்த ஒரு வரியில் வந்துவிடுகிறது. பிறகு விருந்து வீட்டில் கத்தி நட்ஸை நறுக்குவதைக் கிட்டத்தில் காட்டும்போது, படம் நம்மிடம் எதையும் மறைக்கவில்லை என்று புரியும்.

பீட்டர் காரில் விருந்துக்குப் போகும் வழியில் ஒரு மின்கம்பம் வருகிறது. போகும்போதே அதைக் காட்டிவிடுகிறது. உறையவைத்துப் பாருங்கள்: பதக்கத்தில் இருந்த அதே சின்னம் கம்பத்தில். காரில் இருக்கும் இருவரும் அதைக் கவனிப்பதில்லை.

வகுப்பறைக் காட்சியை யாரும் நிறுத்திப் பார்ப்பதில்லை, நிறுத்த வேண்டும். கிரேக்கப் புராண வீரன் ஹெராக்கிளிஸின் கதையை வைத்து ஆசிரியர் கேட்பது இதுதான்: விதி ஏற்கெனவே எழுதப்பட்டது என்றால் சோகம் கூடுமா, குறையுமா? தப்பிக்க வழியே இருந்ததில்லை என்றால் இன்னும் சோகம்தான் என்கிற மாதிரி ஒரு மாணவி பதில் சொல்கிறாள். பீட்டருக்குக் கேள்வியே காதில் விழவில்லை. தன் விதியைப் பற்றிய பாடம் நடக்கும்போது மேசைக்கடியில் போன் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

துக்கக் குழு வழியாக ஆனிக்குப் பழக்கமாகும் ஜோன் என்ற பெண்ணின் வீட்டு வாசலில் கிடக்கும் பூவேலை மிதியடி தன் அம்மா கைவேலை போலவே இருப்பதை ஆனியே சொல்லிவிட்டு உள்ளே போகிறாள். குடிக்கும் டீயில் ஏதோ தட்டுப்பட்டு நாக்கிலிருந்து எடுத்துப் போடுகிறாள். இரண்டுமே சில விநாடிதான். அவ்வப்போது அறையில் நழுவிப்போகும் நீலம் கலந்த ஒளிக்கீற்றையும் குறித்துவையுங்கள். அது யார் மேல் போய் நிற்கிறது என்பதே பைமனின் பயணப் பாதை. சுவர்களில் ஆங்காங்கே கீறியிருக்கும் புரியாத சொற்களும் அலங்காரமில்லை, மந்திரம். ஆனால் அவற்றைத் தேடித் தேடி அர்த்தம் பார்ப்பதில் ஒரு சாயங்காலத்தைச் செலவழிக்க வேண்டியதில்லை. சொற்கள் இருப்பதுதான் சேதி. வீட்டுக்குள் ஏற்கெனவே யாரோ வந்து போயிருக்கிறார்கள்.

கார்

ஒரு காட்சியையாவது ஷாட் ஷாட்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றால் சார்லியின் உயிரைப் பறிக்கும் கார் விபத்துக்குப் பிந்திய நிமிடங்களை எடுங்கள். கார் நிற்கிறது. பின்சீட்டை நமக்குக் காட்டவே இல்லை. பீட்டரின் முகம் மட்டும். கண்ணாடியைப் பார்க்கப் போனவன் பார்க்காமல் விடுகிறான். மெல்ல வண்டியை எடுத்து வீட்டுக்கு வருகிறான், யாரையும் எழுப்பாமல் மாடியேறிப் படுத்துக்கொள்கிறான். விடிகிறது, கண் திறந்தபடியே கிடக்கிறான். அம்மா கிளம்புவது, காரை நோக்கி நடப்பது, பிறகு அந்த அலறல் எல்லாம் சத்தமாக மட்டுமே வருகின்றன. திரையில் இன்னும் அவன் முகம்தான். அதற்கெல்லாம் பிறகுதான், சாலையோரத்தில் சார்லியின் தலை எறும்பு மொய்த்துக் கிடப்பதைக் காட்டுகிறது.

சாதாரணத் திகில் படம் கோரத்தை முதலில் காட்டி அலறலைப் பின்னால் வைக்கும். இங்கே வரிசை தலைகீழ். அலறலைக் கேட்டு நாம் மனதில் ஒன்றைக் கற்பனை செய்து முடித்த பிறகுதான் உண்மையான காட்சி வருகிறது. அதைவிட முக்கியம், அந்த இரவு முழுக்க அவன் வாயைத் திறக்கவில்லை என்பது. கொலை செய்தவன் ஒளிவது போன்ற மௌனமில்லை அது. சொல்லிவிட்டால் நடந்தது உண்மையாகிவிடும் என்று ஒரு பையன் அசையாமல் கிடக்கும் மௌனம்.

வாய் திறக்காத வீடு

நோட்டின் மூன்றாம் பத்தியை இப்போது படியுங்கள். எலென் ஆயுள் முழுக்கச் சொல்லாதது. அவள் கல்லறை தோண்டப்பட்டிருக்கிறது என்று போன் வந்ததை ஸ்டீவ் ஆனியிடம் சொல்லாதது. துக்கக் குழுவுக்குப் போவதைச் சினிமாவுக்குப் போகிறேன் என்று ஆனி மறைத்தது. குடிவிருந்தைப் பள்ளி விருந்து என்று பீட்டர் சொன்னது. அந்த இரவில் அவன் சொல்லாதது. இவற்றில் ஏதாவது ஒன்று சொல்லப்பட்டிருந்தால் கதை அந்த இடத்தில் வேறு பக்கம் திரும்பியிருக்கும். வீட்டுக்குள் யாரிடமும் சொல்லாத அத்தனையும் ஒரே ஆளிடம்தான் போய்ச் சேருகிறது: ஜோன். தூக்கத்தில் நடந்து தன் மேலும் பிள்ளைகள் மேலும் தின்னரை ஊற்றிவிட்டு, தீக்குச்சி உரசும் சத்தத்தில் விழித்ததை ஆனி அவளிடம்தான் விலாவாரியாகச் சொல்கிறாள். கூட்டத்தார் இந்த வீட்டுப் பூட்டை உடைக்கவில்லை. பேச்சு இல்லாத இடத்தில் பேச்சுத்துணையாக வந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

எந்தக் காட்சியை வைத்து இந்தப் படத்தைப் பாராட்டலாம் என்று கேட்டால், நடுவில் வரும் சாப்பாட்டு மேசைச் சண்டையைத்தான் சொல்ல வேண்டும். அதில் பேய் இல்லை, இசை பெரிதாக இல்லை. மூன்று பேர், சில தட்டுகள். ‘மனதில் இருப்பதைச் சொல்லிவிடு’ என்று பீட்டர்தான் கிளறுகிறான். ஆனி எழுந்து நின்று கொட்டுகிறாள். மன்னிப்புக் கேட்க ஆளில்லை, பொறுப்பேற்க ஆளில்லை, அதனால் தன்னாலும் மன்னிக்க முடியவில்லை என்பதுவரை வருகிறது. அமைதியாகி உட்கார்ந்த பிறகு பீட்டர் திருப்பிக் கேட்கிறான்: விருந்துக்குப் போகச் சார்லிக்கு இஷ்டமே இல்லையே, பிறகு ஏன் அங்கே வந்தாள்? அனுப்பியது ஆனிதான். அதற்கு அவளிடம் பதில் இல்லை.

இதை ஒருமுறை சத்தத்தை அணைத்துப் பாருங்கள். கொலெட்டின் முகத்தில் கோபம், அழுகை, அருவருப்பு, பாசம் நான்கும் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி இறங்குவது தெரியும். இன்னொரு முறை கண்ணை மூடிக் கேளுங்கள். ஸ்டீவின் குரல் எவ்வளவு குறைவாக வருகிறது என்று கவனிப்பீர்கள். தொழிலில் மனநல மருத்துவர். சொந்த மேசையில் சமாதானம் மட்டும்தான் செய்யத் தெரிகிறது. பைர்ன் நடிப்பை மங்கலானது என்பவர்கள் இந்தக் காட்சியில் அவர் முட்கரண்டியை எப்படிப் பிடித்திருக்கிறார் என்பதைப் பார்க்கலாம்.

விளக்கங்களைச் சோதிப்பது

இணையத்தில் இரண்டு கட்சி உண்டு. ஒன்று, எல்லாமே ஆனியின் மனநோய், அல்லது பரம்பரையாக வரும் மனச்சிதைவு. மற்றது, எல்லாமே கூட்டத்தின் சதி, பைமன் நிஜம். எந்தக் கட்சியில் சேருவதற்கும் முன் நோட்டின் நடுப் பத்தியை எடுங்கள். ஒரு பாத்திரம் பார்ப்பதை மட்டும் படம் காட்டினால் அது அவரது பிரமையாக இருக்கலாம். எந்தப் பாத்திரமும் பார்க்காத ஒன்றைப் படம் நமக்கு மட்டும் காட்டினால், யாருடைய பிரமை அது? கம்பத்துச் சின்னத்தை யாரும் பார்க்கவில்லை. படுக்கையறை மேல்மூலையில் ஆனி ஒட்டிக்கொண்டிருப்பதைப் பீட்டர் பார்க்கவில்லை. நாம் மட்டும் பார்க்கிறோம். மனநோய் வாசிப்பு இந்த இரண்டு இடத்திலும் உடைகிறது. உடைந்தாலும் அதைத் தூக்கி எறிய வேண்டாம். ஆனி சொல்வதை ஸ்டீவ் ஏன் நம்பவில்லை என்பதற்கு அதுதான் காரணம். மனைவியே பிணத்தைத் தோண்டிக்கொண்டு வந்திருப்பாள் என்றுதான் அவருக்குத் தோன்றுகிறது. குடும்பத்துக்குள்ளேயே ‘இவளுக்கு அது உண்டு’ என்ற முத்திரை விழுந்துவிட்டால் உண்மையைச் சொன்னாலும் எடுபடாது.

சதி வாசிப்பு கதையின் எல்லா முடிச்சையும் அவிழ்த்துவிடும். சாப்பாட்டு மேசையை மட்டும் அதனால் தொட முடியாது. சோதனை எளிது: பைமனை முழுதாக எடுத்துவிட்டு முதல் ஒரு மணி நேரத்தை மனதில் ஓட்டிப் பாருங்கள். ஒரு சாவு, ஒரு விபத்து, ஒருவரையொருவர் மன்னிக்க முடியாத மூன்று பேர். குடும்பம் அப்போதும் உடையத்தான் செய்கிறது. ஆக, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதைவிட, ஒரு தலைமுறை சொல்லாமல் விட்டது அடுத்த தலைமுறை மேல் எப்படி இறங்குகிறது என்று படிப்பதுதான் எல்லாக் காட்சிகளுக்கும் தாங்குகிறது. ரத்த உறவில்லாத ஸ்டீவ் மட்டும் எதற்கும் கருவியாகாமல், சார்லியின் ஓவிய நோட்டைத் தீயில் போட்டதும் எரிந்து போவது இந்த வாசிப்பில் சரியாகப் பொருந்துகிறது. அவருக்குச் சொத்தில் பங்கில்லை.

பைமன் படக்குழு இட்டுக்கட்டிய பெயரில்லை. 17ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட ஐரோப்பிய மந்திர நூலில் 72 ஆவிகளின் பட்டியல் ஒன்று உண்டு. அதில் ஒன்பதாவது பைமன். கிரீடம் சூடி ஒட்டகத்தில் வருபவன், பெண்சாயல் கொண்டவன், முன்னால் எக்காளமும் தாளமும் முழங்க ஒரு படை. படத்தில் வரும் சின்னமும் அந்த மரபிலிருந்தே எடுத்தது. ஆண் உடல்தான் வேண்டும் என்பது படம் தன் தேவைக்குச் சேர்த்துக்கொண்டது. ‘அரசன்’ என்ற இந்தப் பின்னணி தெரிந்தால் கடைசிக் காட்சியின் இசை ஏன் திடீரென்று மங்களகரமாக மாறுகிறது என்று புரியும். நமக்கு அது ஒரு குடும்பத்தின் முடிவு. மரவீட்டில் மண்டியிட்டிருப்பவர்களுக்கு அது பட்டாபிஷேகம். நாம் பேய் பிடித்தது என்பதை அவர்கள் சாமி இறங்கியது என்கிறார்கள்.

தலை விஷயத்தையும் இங்கேயே கோத்துக்கொள்ளுங்கள். சார்லி கத்தரிக்கோலால் வெட்டியெடுக்கும் புறாத்தலையில் தொடங்கி சார்லி, எலென், ஆனி என்று மூன்று தலைமுறைப் பெண்களும் தலையிழக்கிறார்கள். ஆண் உடலில் ஏறும் கிரீடத்துக்கு அதுதான் விலை.

சறுக்கும் இடங்கள்

படத்துக்கும் சறுக்கல் உண்டு. ஜோன் கடைசியில் சொல்லும் விளக்கவுரை தேவைக்கு மேல். உருவங்கள் சொல்லி முடித்ததைத் திரும்ப வாயால் சொல்கிறது. ஆல்பத்தையும் மந்திரப் புத்தகத்தையும் ஆனி புரட்டும் காட்சியும் கொஞ்சம் அவசரகதி. கடைசிப் பகுதியில் பார்வையாளர்கள் சிரித்துவிடுவதும் சகஜம். அதுவரை அடக்கி வாசித்த படம் ஒரே மூச்சில் எல்லாவற்றையும் திறந்துவிடுவதால் வரும் பதற்றச் சிரிப்பு அது. கூடப் பார்ப்பவர் சிரித்தால் சண்டைக்குப் போகாதீர்கள்.

பார்ப்பவர்கள் செய்யும் தவறு பெரும்பாலும் ஒரே வகை: எல்லாவற்றையும் குறியீடாக்குவது. எறும்பு எதற்கு, புறா எதற்கு, மரவீட்டின் சிவப்பு வெளிச்சம் எதற்கு என்று ஒவ்வொன்றுக்கும் அகராதி போட்டால் படம் செத்துவிடும். ஒரு பொருளுக்குப் பொருள் சொல்வதற்கு முன் இரண்டு கேள்வி போதும். அது திரும்ப வருகிறதா? திரும்ப வரும்போது வேறு ஆள் கையில் இருக்கிறதா? பதக்கம், நாக்குச் சத்தம், தலை மூன்றும் தேறும். மற்றவற்றில் பாதி அந்தக் காட்சிக்கான சூழல் மட்டுமே.

நண்பர்களோடு பேசுவதற்காகப் பார்க்கிறீர்கள் என்றால் நாலைந்து பேருக்கு மேல் வேண்டாம். ஏற்கெனவே பார்த்த ஒருவர் இருந்தால் வாயை மூடிக்கொண்டு மற்றவர்களின் முகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கம்பம் கடந்துபோகும்போது அவர் இருமினாலும் போச்சு. முடிந்ததும் ‘முடிவு புரிந்ததா’ என்று தொடங்காதீர்கள். அந்தக் கேள்விக்கு ஒருவர் கதை சொல்ல மற்றவர்கள் கேட்டுவிட்டு எழுந்து போவார்கள். சார்லி சாவுக்கு யார் பொறுப்பு என்று கேளுங்கள். ஊசி எடுக்காத அப்பா, கூட அனுப்பிய அம்மா, தங்கையைத் தனியே விட்டுப் போன அண்ணன், கம்பத்தில் சின்னம் பொறித்த கூட்டம் என்று ஆளுக்கு ஒரு பெயர் வரும். ‘அந்தச் சிறுமி எப்போதாவது சார்லியாக இருந்தாளா’ என்ற கேள்வியை அதற்கப்புறம் போடுங்கள். சீக்கிரம் எழுந்து போகும் அவசரம் யாருக்கும் இல்லாத இரவாகப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.